ஏழாவது புகை

சாரல்மலைச் சிகரங்களுக்குப் பின்னால் கதிரவன் இறங்கத் தொடங்கியிருந்தான். மலையிலே பிறந்து, மூங்கில் காடுகளுக்குள் ஒளிந்து விளையாடி, சமவெளியைக் கண்டதும் திடீரென்று பெரிய மனிதத் தோரணையோடு அகன்று நடந்த கயலாறு, அந்தி வெயிலை மேனியெல்லாம் பூசிக்கொண்டு முகில்கோட்டையின் மதிலடியில் சலசலத்துக்கொண்டிருந்தது. தென்கரையில் கோட்டை; வடகரையில், கண்ணுக்கெட்டிய தூரம்வரை வச்சிரபுரிப் பேரரசின் பாசறை. அங்கே யானைகள் பிளிறின, குதிரைகள் கனைத்தன, ஆயிரமாயிரம் வீரர்கள் ஆற்றைக் கடக்கும் உத்தரவுக்காகக் காத்திருந்தார்கள். நட்புப் படை என்று அதற்குப் பெயர். நட்பு இத்தனை யானைகளோடு வந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது, அன்பார்ந்த வாசகர்களே?

கோட்டையின் உச்சிக் கோபுரத்தில், கையில் ஊதுகொம்போடு நின்றிருந்தான் எயினன். ஏழூர்நாட்டின் புகைக்காவல் தலைவன் அவன். அதென்ன பதவி என்று கேட்பீர்கள், சொல்கிறேன்.

ஏழே ஊர்கள் கொண்ட அந்தச் சின்னஞ்சிறு நாட்டில் அரசி உண்டு, அரியணை உண்டு. ஆனால் அரியணைக்கும் மேலே ஒரு பாறை உண்டு. ஆற்றங்கரை மன்றத்தை அடுத்து நிமிர்ந்து நின்ற அந்தப் பாறையில், நாடு பிறந்த நாளிலேயே சாசனம் ஒன்றை வெட்டி வைத்திருந்தார்கள். 'பிறநாட்டுப் படை கயலாற்றைக் கடந்து ஓர் இரவேனும் தங்க வேண்டுமாயின் ஏழூராரும் ஒருமுகமாக இசைய வேண்டும். இச்சாசனத்தைத் திருத்தவும் அவ்வாறே. புகை எழாத ஊருக்கு அவையில் குரல் இல்லை.' ஆகையால், அவை கூடும் நாளில் கதிரவன் மறைவதற்குள், எந்தெந்த ஊரில் மாலைச் சோறு பொங்கும் புகை எழுகிறதென்று கோபுரத்திலிருந்து பார்த்து, ஊருக்கு ஒரு முறையாகக் கொம்பு ஊத வேண்டும். அதுதான் எயினனுடைய கடமை. அவன் பார்க்காத புகைக்கு ஊதினால் கொம்பு பிடித்த கையே போய்விடும். பார்த்த புகைக்கு ஊதாமல் விட்டாலும் அதே தண்டனைதான்.

பன்னிரண்டு ஆண்டுகளாக அவன் ஆறு முறைதான் ஊதி வந்தான். ஏழாவது ஊரான நொச்சியூர், ஆற்றுத் துறையைக் காத்து நின்ற ஊர், ஓர் இரவில் எரிந்து சாம்பலாகிவிட்டது. வடக்குக் கொள்ளையர் செய்த கொடுமை என்றார்கள். அந்த அச்சம் இன்னும் தணியாததால்தான் இப்போது அரசி நீலவல்லியார் வச்சிரபுரிக்குத் துணைவேண்டி ஓலை அனுப்பினார். துணை வந்தது, கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது. படை நிரந்தரமாகத் தங்கும்; ஏழூரார் இசைவு வேண்டுமென்ற வரிகளைப் பாறையிலிருந்து செதுக்கி எறிந்துவிட வேண்டும். ஆறு ஊர்த் தலைவர்களான கிழார்களும் வச்சிரபுரி தந்த பட்டாடைக்குப் பாதியும் பயத்துக்குப் பாதியுமாகத் தலையசைத்துவிட்டார்கள். இன்று ஆறு முறை கொம்பு ஒலித்து ஓய்ந்தால், கீழே உளியோடு காத்திருக்கும் கல்தச்சன் வேலையைத் தொடங்குவான். ஏழூர்நாடு என்ற பெயர் மட்டும் மிஞ்சும்.

இந்தக் கவலையே ஒருவனுக்குப் போதும். ஆனால் எயினனுக்கு இன்னொரு கவலையும் இருந்தது. அதன் பெயர் கொற்றி.

அரண்மனை மடைப்பள்ளியில் நெருப்புக் காப்பவள் அவள். சிறுமியாக ஒரு வணிகர் கூட்டத்தோடு வந்து சேர்ந்த அனாதை. உமி மூடிய நெருப்புச் சட்டி ஒன்றை அவள் எப்போதும் தனியே வைத்துக் காத்து வருவாள். மற்ற அடுப்பு நெருப்பு அதில் கலக்க விடமாட்டாள். "அந்தச் சட்டியை எப்போது இறக்கி வைப்பாய்? அன்றைக்கே உன் கழுத்தில் மாலையிடுகிறேன்" என்று எயினன் எத்தனையோ முறை கேலி செய்திருக்கிறான். "இறக்கி வைக்க ஓர் இடம் வேண்டுமே" என்பாள் அவள். சென்ற மாதம் ஒருநாள், "புகை எழுந்தால் செத்த ஊரும் உயிர்த்ததாகுமா?" என்று கேட்டாள். காதலி கேட்கிறாள் என்ற மயக்கத்தில் அவனும் சாசனத்தின் நுணுக்கமெல்லாம் விளக்கிச் சொன்னான். இன்று விடியலில் அவளைக் காணவில்லை. சட்டியோடு படகேறி, பாசறை இருக்கும் திசையாக ஆற்றில் எதிரேறிப் போனாள் என்று துறைக்காவலர் சொன்னார்கள். அந்த நிமிடத்திலிருந்து எயினன் நெஞ்சில் நெருஞ்சி முள் ஏறியிருந்தது. அவள் ஒற்றர் பெண்ணோ? அவன் வாயிலிருந்து பிடுங்கியதையெல்லாம் பகைவன் காதில் போட்டுவிட்டாளோ?

"என்ன யோசனை, புகைக்காவலரே?" என்ற குரல் அவனை உலுக்கியது. சாட்சியாகக் கோபுரம் ஏறி வந்திருந்த வச்சிரபுரிப் படைத்தலைவர், தண்டநாயகர் கோளரியார், மீசையை நீவியபடி அருகில் நின்றார். "கதிரவன் காத்திருக்க மாட்டான். கணக்கைத் தொடங்கும்."

எயினன் ஊதினான். மருதூர், பனையூர், கொன்றைவாயில், குறும்பலூர், ஆலங்காடு, வேம்பனூர். ஆறு முறை ஊதி முடித்ததும் கொம்பு தானாகவே தாழ்ந்தது. கதிரவன் விளிம்பில் ஒரு கீற்று மட்டும் மலைமேல் மிச்சமிருந்தது. ஏழாவது முறையும் ஊதிவிட்டால் என்ன? போகட்டும் இந்தக் கை என்று ஒரு கணம் நினைத்தான். ஆனால் பொய்க் கொம்பில் காப்பாற்றப்பட்ட சாசனம் நாளைக்கே பொய்யாகிவிடும் என்பதும் அவனுக்குத் தெரிந்திருந்தது. அவன் மேற்கே நொச்சியூர்ப் பக்கம் கடைசியாகத் திரும்பிப் பார்த்தான்.

அங்கே, ஆற்று வளைவுக்கு மேலே, செவ்வானத்தில் ஒரு மெல்லிய கோடு எழுந்துகொண்டிருந்தது.

கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடியும் பார்த்தான். புகைதான்! அலைந்து பரவும் காட்டுத்தீப் புகையல்ல. அடுப்புக்கு மேலே நேராக எழும் புகை. எயினன் ஏழாவது முறை ஊதிய ஊதலில் வடகரை யானைகள்கூட ஒரு கணம் அடங்கிப்போயின.

"சருகு பற்றியிருக்கும்!" என்று சீறினார் கோளரியார். அவர் முகத்தில் முன்னிருந்த செருக்கு இல்லை.

"சருகா சோறா என்பதை அவை தீர்மானிக்கும், தண்டநாயகரே. இறங்குவோம்" என்றான் எயினன்.

மன்றத்தில் ஏழு கற்கள் வட்டமாக இருந்தன. ஆறில் கிழார்கள் அமர்ந்திருந்தார்கள். ஏழாவது கல்லில் பாசி படர்ந்திருந்தது. அரசி நீலவல்லியார் எழுந்து நின்று, "கொம்பு ஏழு முறை ஒலித்தது. வழக்கப்படி, ஏழாவது ஊரார் தம் அடுப்பில் பொங்கிய சோற்றை நிலா கிழக்குக் குன்றைத் தாண்டுமுன் கொணர்ந்து தம் கல்லில் வைக்கட்டும். எல்லை சொல்லட்டும். அதுவரை உளி தொடப்படாது" என்றார். இத்தனை நாள் தளர்ந்து கிடந்த அந்தக் குரலுக்கு இவ்வளவு உறுதி எங்கிருந்து வந்ததோ!

குன்றின் மேல் வெள்ளி விளிம்பு தெரிந்தது. முழுநிலவு பாதி எழுந்துவிட்டது. அப்போதுதான் ஆற்றோட்டத்தோடு விரைந்து வந்த சிறு படகொன்று கரையில் முட்டியது. இடுப்பில் சோற்றுப் பானையும் கையில் நெருப்புச் சட்டியுமாக, கரி படிந்த முகத்தோடு படியேறி வந்தாள் கொற்றி. எயினனைக் கடக்கும்போது ஒரே ஒரு பார்வை பார்த்தாள். அவளை ஒற்றர் பெண் என்று நினைத்த தன் நெஞ்சைப் பிடுங்கி எறிந்துவிடலாம் போலிருந்தது அவனுக்கு.

அவள் பாசி படர்ந்த கல்லில் பானையை வைத்தாள்.

"நொச்சியூர்க் கிழார் நெடுஞ்சேந்தன் மகள் கொற்றி நான். எங்கள் ஊர் எல்லை சொல்கிறேன். வட எல்லை கயலாறு. கீழ் எல்லை புங்க ஓடை. மேல் எல்லை யானை உரசும் பாறை. தென் எல்லை இரட்டைக் கல்லுக்கு வடக்கு. இரட்டைக் கல் எங்களுக்கும் இல்லை, மருதூருக்கும் இல்லை, இடையில் உறங்கும் ஐயனாருக்கு."

"எவளோ ஒரு மடைப்பள்ளிப் பெண் ஏதோ ஒப்பிக்கிறாள்! அப்படி ஓர் ஊர் இன்று உண்டா? மருதூர்க் கிழாரே, நீர் சொல்லும்" என்றார் கோளரியார்.

மருதூர்க் கிழார் சாத்தன் தயங்கினார். பன்னிரண்டு ஆண்டுகளாக நொச்சியூர் நிலத்தில் ஏர் ஓட்டி வருபவர் அவர். ஊர் இல்லை என்றால் அறுவடை அவருக்கு. உண்டு என்றால் கலப்பையைத் திருப்ப வேண்டும். "அது... வந்து... காடாய்க் கிடக்கிறது" என்று இழுத்தார்.

"சாத்தனாரே," என்றார் அரசி, "இன்று உச்சிப்பொழுதில் அவை தொடங்கியபோது நீரும் உம் ஊர் எல்லை சொன்னீர். வட எல்லையை மறுபடி சொல்லும்."

அவர் வாயைத் திறந்தார். தகப்பன் சொல்லித் தந்தபடி, தாத்தன் சொல்லித் தந்தபடி, ஆண்டுதோறும் நினைக்காமலே சொல்லிவந்த சொற்கள் அவரைக் கேட்காமலே வெளிவந்தன. "வட எல்லை, நொச்சியூர் இரட்டைக் கல்லுக்குத் தெற்கு, கல் எங்களுக்கும் இல்லை, நொச்சியூருக்கும் இல்லை, இடையில் உறங்கும் ஐயனாருக்கு." சொல்லி முடித்ததும் அவர் தலை கவிழ்ந்தது. "அந்த ஊரை மறுத்தால் என் ஊருக்கே எல்லை இல்லை, தேவி. இவள் சேந்தனார் மகள்தான். பன்னிரண்டு ஆண்டுகளாக அவையில் ஒலிக்காத நொச்சியூர் எல்லையை அவர் வீட்டுப் பிள்ளையைத் தவிர யார் இப்படிச் சொல்ல முடியும்?"

அவையில் எழுந்த ஆரவாரத்தைக் கோளரியார் கையுயர்த்தி அடக்கினார். லேசில் விடுகிற மனிதரா அவர்?

"நல்லது. உங்கள் வழக்கத்தை நானும் படித்திருக்கிறேன். இரவல் நெருப்பில் பொங்கிய சோறு கல்லில் ஏறாது. ஊரின் சொந்த நெருப்பு வேண்டும். பன்னிரண்டு ஆண்டுகள் அணைந்து கிடந்த அடுப்புக்கு நெருப்பு ஏது? அரண்மனை மடைப்பள்ளியில் எடுத்ததுதானே?"

எயினன் கொற்றியின் கைச்சட்டியைப் பார்த்தான். அந்தச் சட்டி மடைப்பள்ளியிலிருந்து வந்ததை அவனைவிட அறிந்தவர் யார்? ஆனால் கொற்றி சிரித்தாள். அந்தச் சிரிப்பில் ஈரமே இல்லை.

"இது எங்கள் ஊர் நெருப்பு, தண்டநாயகரே. எங்கள் கூரையில் நீர் வைத்த நெருப்பு."

ஆறு கிழார்களும் கோளரியாரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அன்றிரவு வெள்ளைக் குதிரைமேல் இருந்து, 'ஒருவரும் மிஞ்சக் கூடாது, இனி இங்கே புகை எழக் கூடாது' என்று நீர் சொன்னதை எட்டு வயதில் ஒளிந்திருந்து கேட்டேன். விடிந்ததும் என் வீட்டு உத்தரத்தில் கனன்ற தணலை இந்தச் சட்டியில் அள்ளினேன். ஒருநாளும் அணையவிடவில்லை. பேரைச் சொன்னால் மிஞ்சிய ஒருத்தியும் மிஞ்சமாட்டாள் என்றுதான், என் உயிருக்கு உயிரானவரிடம்கூடச் சொல்லாமல் இருந்தேன்."

"பொய்! வைக்கோற்போர் ஒன்றுவிடாமல் ஈட்டியால் குத்திப் பார்த்த பிறகுதான்..." என்று கத்திய கோளரியார் சட்டென்று நாவைக் கடித்துக்கொண்டார். காலம் கடந்துவிட்டது.

"புகையே எழாதபடி ஓர் ஊரை அழிப்பதில் கொள்ளையனுக்கு என்ன லாபமென்று நான் அன்றே யோசித்திருக்க வேண்டும். எரித்தவரிடமே துணை கேட்டு ஓலை அனுப்பினேனே!" என்றார் அரசி. அவர் கண்கள் கலங்கியிருந்தன, குரல் கலங்கவில்லை.

"நொச்சியூர் இசையவில்லை" என்றாள் கொற்றி.

"மருதூர் இசையவில்லை!" என்று எழுந்தார் சாத்தன். மற்ற ஐவரும் பட்டு மேலாடையை உதறிப் போட்டுவிட்டு ஒருவர்பின் ஒருவராக எழுந்தார்கள்.

கோளரியார் பல்லைக் கடித்தார். "ஒரு பெண், ஓர் அடுப்பு! நாளையே படையோடு கடந்து வந்தால் உங்கள் பாறை என்னைத் தடுக்குமா?"

"பகைவனாக வாரும், வாளோடு வரவேற்போம். நண்பனாக இனி வர முடியாது. தூதராக வந்ததால் தலையோடு போகிறீர்" என்றான் எயினன். பிறகு கொற்றியின் பக்கம் திரும்பினான். "நொச்சியூர்த் துறையை இன்றிலிருந்து நான் காப்பேன். நாளை முதல் அந்த அடுப்பில் இருவருக்குச் சோறு பொங்கும். இந்த நெருப்பின்மேல் ஆணை!"

"அப்படியானால் சட்டியை இறக்கி வைக்க இடம் கிடைத்துவிட்டது" என்ற கொற்றி, உளியோடு திகைத்து நின்ற கல்தச்சனைப் பார்த்தாள். "ஐயா, சாசனத்தைத் திருத்தத்தானே வந்தீர்? வெறுங்கையோடு போக வேண்டாம். தேவி, நொச்சியூர் ஒரு திருத்தம் கேட்கிறது. புகை எழாத ஊருக்குக் குரல் இல்லை என்ற வரியை எடுத்துவிடுங்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் என் ஊரை எரித்தார்கள்."

ஏழூராரும் ஒருமுகமாக இசைந்தார்கள்.

கோளரியாரின் படகு நடு ஆற்றை அடைந்தபோது நிலா குன்றைத் தாண்டியிருந்தது. கரையிலிருந்து 'ணங், ணங்' என்று உளிச் சத்தம் நீரின்மேல் வந்து அவரைத் தொட்டது. என்ன வெட்டுகிறார்கள் என்று படகோட்டி கேட்டான். "துடுப்பைப் போடு!" என்றார் அவர். பாறையில் பழைய வரி உதிர்ந்து, புதிய வரி எழுத்தெழுத்தாகப் பிறந்துகொண்டிருந்தது:

'எரிக்கப்பட்ட ஊருக்கும் குரல் உண்டு.'