நாற்பத்து நான்காவது முடிவு

மனைவி கண்ணை மூடிய அன்று, அவள் படித்துக்கொண்டிருந்த புத்தகம் அறுபத்திரண்டு சதவீதத்தில் நின்றிருந்தது. அவருக்கு நன்றாக நினைவிருந்தது. அவள் விரலிடுக்கிலிருந்து மின்னூல் ரீடரை உருவி எடுத்து, அணைத்து, மேசை இழுப்பறைக்குள் போட்டவரே அவர்தான். மூன்று வாரம் கழித்து, ஒரு பிற்பகலில் வெளியே எடுத்துப் பார்த்தால், திரையின் அடியில் எழுபத்தொன்று என்று இருந்தது.

சாவியோ பேனாவோ இடித்துப் பக்கம் புரண்டிருக்கும் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டார். அணைத்துவைத்த கருவியில் பக்கம் புரண்டது என்று வேறு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார். அது அவர் தொழில் அல்லவா. அச்சுப் புத்தகங்களை மின்னூலாக மாற்றுவது, ஓரம் சரிசெய்வது, வரி இடைவெளி பார்ப்பது, பொருளடக்கத்தைத் தொட்டால் சரியான அத்தியாயம் திறக்கும்படி செய்வது என்று இருபது வருடமாக ஒரு பதிப்பகத்தில் அவர் குப்பை கொட்டியது இதில்தான்.

அந்தத் தொழிலை வைத்துத்தான் அவள் ஒரு நாள், சொந்தக்காரர்கள் நிறைந்த கூடத்தில் கிண்டல் செய்தாள். பக்கத்தின் ஓரத்தில் கொஞ்சம் வெள்ளை விடுவதற்கு ஒரு ஆளாம், அதற்கு ஒரு சம்பளமாம் என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவைத்தார். ஆனால் அது முள்ளாக உள்ளே தைத்துக்கொண்டது. பிறகு நோய் அவளைப் படுக்கையில் தள்ளியது. அசையக்கூடியதாக வலது கையில் இரண்டு விரல்தான் மிச்சம். அந்த இரண்டு விரலுக்கு இருந்த ஒரே வேலை பக்கம் புரட்டுவது. புத்தகம் ஏற்றித் தரவேண்டியவர் அவர்.

முதலில் ஒரு கொலைக் கதை. கடைசி இரண்டு அத்தியாயங்களை வெட்டிவிட்டு, வெட்டிய இடத்தில் ‘முற்றும்’ என்று போட்டார். பொருளடக்கத்திலும் அந்த இரண்டு வரிகளை எடுத்தார். வேலை என்று வந்துவிட்டால் அவர் சுத்தக்காரர். இரண்டு நாள் கழித்து அவள் கூரையைப் பார்த்தபடி, “கொன்னது யாருன்னு சொல்லாமலே விட்டுட்டானே,” என்றாள். இப்போதெல்லாம் அப்படித்தான் எழுதுகிறார்கள் என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவ்வளவு சந்தோஷம் அவருக்குக் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை.

அதன் பிறகு கை சும்மா இருக்கவில்லை. காதல் கதையா, இருவரும் சேருவதற்கு முந்தின பக்கத்தில் வெட்டு. தொலைந்துபோன குழந்தையா, கிடைப்பதற்கு முன்னால் வெட்டு. ஒன்றரை வருடத்தில் நாற்பத்து மூன்று புத்தகங்கள். அவள் பார்வை மங்க மங்க எழுத்தளவைக் கூட்டியும் கொடுத்தார். கடைசி வாரம் அவள் அந்த இரண்டு விரலால் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு, “இது ஒண்ணையாவது முடிச்சிட்டுப் போறேன். முழுசாப் போட்டுக் குடுங்க,” என்றாள். முழுசா என்று ஏன் சொன்னாள்? அன்றிலிருந்து அவர் சரியாகத் தூங்கவில்லை. அதையும் வெட்டித்தான் கொடுத்தார்.

ரீடரை வெளியே எடுத்த அன்று காலை அவள் தங்கை ஃபோன் செய்திருந்தாள். பள்ளிக்கூட டீச்சர், படிக்காத கதை இல்லை. அக்கா படித்ததையெல்லாம் தானும் ஒரு தரம் படிக்கவேண்டும், ரீடரை வாங்கிப்போக நாலு மணிக்கு வருகிறேன் என்றாள். அவள் கையில் கிடைத்தால் விஷயம் வெளியே வரப் பத்து நிமிடம் போதும். வெளியூரில் இருக்கும் மகள் ஞாயிறு தவறாமல் பேசுவது, அம்மாவை அப்பா உள்ளங்கையில் வைத்துத் தாங்கினார் என்ற நம்பிக்கையில்தான். அதுவும் போனால் அவருக்கு இந்த உலகத்தில் மனிதர் என்று யாரும் இல்லை. நல்லவேளையாக, வெட்டாத மூலக் கோப்புகள் எல்லாம் கணினியில் பத்திரமாக இருந்தன. மணி இரண்டரை.

மருந்து நெடியும், வெயிலில் சூடேறிய ரப்பர் மெத்தை விரிப்பின் வாடையும், அவள் தலைமாட்டில் மூடாமல் விட்டிருந்த களிம்பின் புளித்த மணமும் சேர்ந்து கனத்துக் கிடந்த அந்த அறையில், மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தரம் கடக்கென்று சொல்லிக்கொண்டிருக்க, அவர் ரீடரைக் கணினியோடு இணைத்து, பழைய கோப்புகளை அழித்து, நாற்பத்து மூன்றையும் புதிதாக ஏற்றினார். எதற்கும் இருக்கட்டும் என்று கொலைக் கதையின் கடைசிப் பக்கத்தைத் திறந்தார்.

முற்றும் என்று இருந்தது. அவர் வெட்டிய அதே இடத்தில்.

மறுபடி ஏற்றினார். அதே இடம். கணினியிலேயே மூலத்தைத் திறந்தார். அங்கேயும் அவர் போட்ட முற்றும், அவர் தேர்ந்தெடுத்த அதே எழுத்துருவில், அவர் விட்ட அதே இடைவெளியோடு. எழுந்துபோய் அலமாரியிலிருந்த அச்சுப் புத்தகத்தை எடுத்தார். முப்பது வருடத்துப் புத்தகம், பழுத்த தாள். அதிலும் முற்றும். அதற்குப் பின்னால் இருபத்தெட்டு பக்கம் வெள்ளையாக இருந்தது.

மேசைமேல் ரீடரின் திரை ஒரு தரம் கறுத்து வெளுத்தது. பக்கம் புரள்கிறது. எண்பத்து நான்கு.

எழுத்து பெரிதாகியிருந்தது, அவள் கடைசியில் கேட்டுக்கொண்டிருந்த அளவைவிடப் பெரிதாக. அது அறுபத்திரண்டில் நின்ற அந்தப் புத்தகமே அல்ல. காவல் அதிகாரி எல்லாரையும் கூடத்துக்கு வரச்சொல்கிறார், கொன்றது யாரென்று சொல்லப்போகிறார். அவர் வெட்டிய அத்தியாயம். திரை கறுத்தது. காதலர்கள் ரயில் நிலையத்தில் ஓடிவந்து கட்டிக்கொண்டார்கள். கறுத்தது. குழந்தை கிடைத்துவிட்டது, தாய் அழுகிறாள். எங்கும் இல்லாமல் போன முடிவுகளெல்லாம் வரிசையாக அங்கே வந்துகொண்டிருந்தன. யாரோ நிதானமாகப் படித்தார்கள்.

அணைக்கும் பொத்தானை அழுத்தினார். தொண்ணூறு. அழுத்திக்கொண்டே இருந்தார். தொண்ணூற்றாறு.

கீழே படிக்கட்டில் செருப்புச் சத்தம். மச்சினி வந்துவிட்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் வருகை அவருக்கு நிம்மதியாக இருந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிடலாம், காலில்கூட விழலாம், இந்த அறையில் இன்னொரு ஆள் இருந்தால் போதும். வாசலுக்கு முப்பத்தாறு படி. எண்ணினார். முப்பத்து நாலு. முப்பத்தைந்து. முப்பத்தாறு.

முப்பத்தேழு.

“மாமா, இதோ வந்தாச்சு,” என்று கீழிருந்து அவள் குரல் கேட்டது. ஐம்பதாவது படி. எண்பதாவது. படியேறும் சத்தம் நிற்கவில்லை. கிட்டே வரவும் இல்லை.

திரையில் நூறு. நாற்பத்து மூன்றாவது கதை முடிந்தது. முடிந்தது, என்று அவர் மூச்சு விட்டார்.

நூற்றொன்று.

நெஞ்சில் அடி விழுந்தது. அவர் விழுந்தார். ரீடர் கையிலிருந்து நழுவி, எட்டாத தூரத்தில் தரையில் கவிழ்ந்தது. வலி தோளுக்கு ஏறி, தாடைக்கு ஏறி, உச்சிக்குப் போனது. சாவு இதுதான் போல. பயத்தைவிட ஆசையே அதிகமாக இருந்தது. சீக்கிரம். முடியட்டும்.

வலி உச்சியிலேயே நின்றது.

குறையவில்லை. கூடவில்லை. விட்ட மூச்சு பாதியில். மூடப்போன இமை பாதியில். கத்த நினைத்தார். வாய் திறந்தது. அவ்வளவுதான்.

கவிழ்ந்த ரீடரின் விளிம்புக்கும் தரைக்கும் நடுவே மெல்லிய கோடாக வெளிச்சம் தெரிந்தது. அது இருண்டு வெளுத்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி. அது தன்னிடமிருந்து வெட்டப்பட்ட கடைசி அத்தியாயம் என்று அவருக்குத் தெரிந்தது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவரால் பார்க்க முடியவில்லை. ரசித்துப் படிக்கிறவர்களுக்கு ஆகும் நேரமே அதற்கும் ஆனது. பிறகு அந்த வெளிச்சமும் அணைந்தது.

ஜன்னல் வழியே விழுந்த வெயில் தரையில் விழுந்த இடத்திலேயே கிடந்தது. படிக்கட்டில் அவள் ஏறிக்கொண்டே இருந்தாள். களிம்பு டப்பாவிலிருந்து ஒரு ஈ பறந்துவந்து, பாதி மூடிய அந்தக் கண்ணின் ஈரத்தில் உட்கார்ந்து, கால்களைத் தேய்க்கத் தொடங்கியது.