ஐந்து லிட்டர் விரல்

ராமநாதபுரத்தில் காலை ஐந்து மணிக்கே ரேஷன் தண்ணீர்க் குழாய்ப்பொறி கூப்பிட்டுவிடும். வடிவு விரலை வைத்தாள். அரை லிட்டர் சொட்டி நின்றது. மருமகள் அஞ்சுகத்துக்கு இரண்டு லிட்டர். மகன் பரிதி விரல் வைத்ததும் ஐந்து லிட்டர் கொட்டியது. அந்த ஒரு விரலுக்காகத்தான் அஞ்சுகத்தின் அப்பா ஒற்றைக் காலில் நின்று அவளை இந்த வீட்டில் கட்டிக்கொடுத்தார்.

பரிதிக்கு நீர்க்கட்டிச் சிறுநீரகம், அம்மாவிடமிருந்து வந்த மரபணுக் கோளாறு. நிறையக் குடித்தால் கட்டிகள் மெதுவாக வளரும் என்று அரசு மூன்று லிட்டர் கூடுதலாகத் தந்தது. குடித்தது யார்? உலை குடித்தது, அஞ்சுகத்தின் ஐந்து மாத வயிறு குடித்தது. அவன் உதட்டை நனைத்துக்கொண்டு வேலைக்குப் போனான். சிறுநீரகம் செத்து டயாலிசிஸுக்குப் போய்விட்டால் அதிகம் குடிக்கக் கூடாது; வடிவைப் போல அவனுக்கும் அரை லிட்டர்தான். இன்னும் ஒரு வருடம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பிறக்கும் பிள்ளைக்கும் அந்தக் கோளாறு இருந்தால், பிறந்த அன்றே ஐந்து லிட்டர்!

மரபணு நிலையத்துப் பெண் திரையில் பிள்ளையின் சோதனை முடிவைப் பார்த்துச் சிரித்தாள். "நல்ல சேதிம்மா. பிள்ளைக்குக் கோளாறு இல்ல."

வடிவு தலையில் அடித்துக்கொண்டாள். "அடிப் பாவி மக! எங்க ரத்தம் ஒரு சொட்டுகூடவா ஒட்டல?"

பரிதிக்கு முகமெல்லாம் பல். பாவம், அவன் ஒருவன்தான் சந்தோஷப்பட்டான். அஞ்சுகத்துக்கு அது பொறுக்கவில்லை.

"சிரிக்காதீக. அடுத்த வருசம் எதக் குடிக்க?"

அவன் அம்மாவை வெளியே கூட்டிப் போனான். நிலையத்துப் பெண் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"மரபணுத் திருத்த ஊசி கேள்விப்பட்டிருப்பீங்க. வயித்துல இருக்கும்போதே போட்டாத்தான் பலிக்கும். கெட்டதை நல்லதாக்கும்." குரலைத் தணித்தாள். "நல்லதையும் மாத்தும். இங்க வர்றவங்கள்ல பாதிப் பேர் அதைத்தான் கேக்குறாங்க."

அஞ்சுகம் சாத்திய கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"வலிக்குமா?"

"உங்களுக்கா? எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்."

"பிள்ளைக்கு?"

"அது முப்பத்தஞ்சு, நாப்பது வயசுலதான்."

அஞ்சுகம் சம்மதம் பதியும் தட்டில் விரலை வைத்தாள்.

வெளியே வந்தபோது பரிதி தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். அன்றைக்கு அவன் அதில் வாய் வைக்கவே இல்லை.

"முழுசையும் குடி அஞ்சுகம். எம்புள்ள தப்பிச்சிருச்சுல்ல!"

அவள் சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தாள்.