மணிப்பெட்டிக்குத் தெரியாதவை

தெருமுனை மருத்துவமனையில் எட்டே கட்டில்கள். ஒரே ஒரு நர்ஸம்மா. யாருக்கு எப்போது மாத்திரை என்று நினைவில் வைத்து வைத்தே அவருக்குத் தலை சுற்றிப்போனது.

அதற்காகத்தான் சுண்டுவின் அக்கா ஒரு மென்பொருள் எழுதி, பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் போட்டாள். இணையம் வேண்டாம், எல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கும். நேரம் வந்தால் மணி அடிக்கும். திரையில் கட்டில் எண்ணும் மாத்திரையின் பெயரும் தெரியும்.

ஒரு வாரம் அதை வீட்டில் வைத்துக் குடைந்து குடைந்து பார்த்தவள், ஐந்தாம் வகுப்பு படிக்கும் சுண்டுதான்.

பெட்டியைக் கொண்டுபோகும் நாளன்று அவள் ஒரு தாளை நீட்டினாள்.

"என்னடி இது?"

"இதுக்கு என்னென்ன தெரியாதுன்னு எழுதியிருக்கேன். பெட்டி மேல ஒட்டணும்."

அக்கா வாசித்தாள்.

'ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு மாத்திரை என்றால், ஒருவருக்குத்தான் மணி அடிக்கும். அரை மாத்திரை என்று எழுதினால், ஒன்று என்று காட்டும். தெரியாமல் ஒரு பெயரை அழித்துவிட்டால் திரும்ப வராது.'

அக்காவின் முகம் சிவந்தது.

"என் மானத்தை வாங்குறதுக்குன்னே பொறந்திருக்கியா? முதல்ல செஞ்சது அப்படித்தான் இருக்கும். அடுத்த மாசத்துக்குள்ள சரி பண்ணிடுவேன். அதுவரைக்கும் வாயைத் திறக்காதே!"

"அதுவரைக்கும் தையல்கார மாமா மாத்திரை சாப்பிடாம காத்திருப்பாராக்கா?"

நான்காம் கட்டிலில் படுத்திருக்கும் தையல்கார மாமாவுக்கு இதயத்தில் கோளாறு. நாலு மணி மாத்திரை தவறவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அக்கா தாளை மறுபடியும் முதலிலிருந்து வாசித்தாள். பிறகு, "பேனாவைக் கொடு" என்றாள்.

எல்லாவற்றையும் அடித்துவிடப் போகிறாளோ என்று சுண்டு பயந்தாள். அக்காவோ கடைசியில் இன்னொன்றை எழுதினாள்.

'கரண்ட் போனால் இதன் கடிகாரம் நின்றுவிடும். வந்ததும் விட்ட இடத்திலிருந்துதான் ஓடும். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை மாற்றவும்.'

"இது எனக்கே தெரியாதே!"

"எனக்குத் தெரியும்." அக்காவின் குரல் இறங்கியிருந்தது. "யார்கிட்டயும் சொல்லல."

பெட்டி மருத்துவமனைக்குப் போன மூன்றாம் நாள், கரண்ட் போய் வகுப்பில் மின்விசிறி நின்றது. ஒரு மணி நேரம் கழித்துத்தான் சுற்றியது. அந்த ஒரு மணி நேரமும் சுண்டுவின் காதில் பாடம் ஏறவில்லை. பள்ளி விட்டதும் ஒரே ஓட்டமாக ஓடினாள்.

மருத்துவமனைச் சுவரில் மணி நாலைத் தாண்டியிருந்தது. பெட்டியிலோ மூன்றுதான். நேராக நான்காம் கட்டிலுக்குப் போனாள்.

தையல்கார மாமா மாத்திரையை விழுங்கிவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா இப்படி மூச்சிரைக்க ஓடி வர்றே? நான் தைச்ச சட்டை எங்கேயாவது பிரிஞ்சு போச்சா?"

சுண்டு நர்ஸம்மாவைப் பார்த்தாள். "மணி அடிச்சுதா?"

"அது எங்கே அடிச்சுது! மூணு மணிதானேன்னு நானும் சும்மா இருந்துட்டேன். நல்லவேளை, உங்க தாள் கண்ல பட்டுது." சொல்லிக்கொண்டே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பெட்டியின் நேரத்தை மாற்றினார்.

அடுத்த மாதம் எல்லாக் கோளாறையும் சரிசெய்துகொண்டு அக்கா வந்தாள். நர்ஸம்மா திரையின் பக்கம் திரும்பக்கூட இல்லை. கையை நீட்டினார்.

"அது கிடக்கட்டும். இதுக்கு என்னென்ன தெரியாது? முதல்ல தாளைக் கொடு."

அக்கா சிரித்துக்கொண்டே பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். சுண்டு எட்டிப் பார்த்தாள். இந்த முறை முழுக்க முழுக்க அக்காவின் கையெழுத்து.