நேமங்கோவில் விசாலம்

தெய்வானை ஆச்சி மரப்படி ஏறி வந்து உட்கார்ந்த கையோடு ஒரு கைக்குட்டையைப் பிரித்து மேசைமேல் வைத்தாள். உள்ளே இரண்டு பல். அவள் தம்பி சோமசுந்தரத்தின் முன்பற்கள். கிள்ளானில் கூட்டம் சேர்ந்து அடித்ததில் விழுந்தவை. ஆஸ்பத்திரித் தாதி துடைத்துக் கொடுத்தாளாம், தூக்கிப் போட மனசு வரவில்லையாம்.

புஷ்பவல்லி நாற்காலியைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். பிரிக்பீல்ட்ஸில் துப்பறியும் அலுவலகம் என்று பெயர்தானே ஒழிய, அங்கே வருவதெல்லாம் ஓடிப்போன கணவனும் எரிந்துபோன கடையின் காப்புறுதிப் பணமும்தான். பல்லை யாரும் கொண்டுவந்ததில்லை. அவள் முதலாளி மீனாட்சிசுந்தரமோ பற்களைப் பார்த்தார், பிறகு தேநீரை ஒரு வாய் குடித்தார். கல் நெஞ்சு மனுஷன் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டாள். இந்தத் திட்டு வாரத்துக்கு ஒரு தடவையாவது விழும்.

ஆச்சி சொன்னது இதுதான். சோமு வங்கியில் வேலை பார்க்கிறான், லண்டனில் படித்தவன். புதன்கிழமை சாயங்காலம் கிள்ளானில் ஒரு கடைவீட்டின் பின்னறையில் நாகையா என்பவன் மண்டை பிளந்து கிடந்தான். சோமு அந்தத் தலையை மடியில் போட்டுக்கொண்டு கத்திக்கொண்டிருந்தான். சட்டையெல்லாம் ரத்தம். சத்தம் கேட்டு ஓடிவந்தவர்கள் கொலைகாரன் என்று முடிவு கட்டி அவனைப் புரட்டி எடுத்துவிட்டார்கள். பிறகு வந்த போலீசும் அதே முடிவுக்கு வந்தது. இந்த நாட்டில் கொலைக்கு என்ன தண்டனை என்று யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கயிறுதான்.

“பொம்பளை விஷயம்னு சொல்றாங்கண்ணே,” என்றாள் ஆச்சி. “அவன் அப்படிப்பட்டவன் இல்லை.”

கல்யாணத்துக்குப் பெண் பார்க்கவில்லையா என்று புஷ்பவல்லி குறுக்கே புகுந்து கேட்டாள். பார்க்காமல் என்ன, போன வருஷம்கூடப் பினாங்கில் நல்ல இடம் வந்ததாம். படிப்பு, குணம், நிறம், எல்லாம் பிடித்துப்போயிற்றாம். அவர்களும் நேமங்கோவில் என்று தெரிந்ததும் விட்டுவிட்டார்களாம். புஷ்பவல்லி ரயில்வே குவாட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். செட்டியார் வீட்டுச் சங்கதி எதுவும் தெரியாது. தலையை மட்டும் ஆட்டிவைத்தாள். மீனாட்சிசுந்தரம் செட்டியார்தான். அவர் கைக்குட்டையை மடித்து ஆச்சியிடம் திருப்பிக் கொடுத்தார்.

சோமு ஆஸ்பத்திரிக் கட்டிலில் விலங்கோடு கிடந்தான். முகம் வீங்கி ஒரு கண் மூடியிருந்தது. பேசும்போதெல்லாம் உதட்டோரம் ரத்தம் கசிந்தது. நாகையா அவனுடைய கூட்டாளி, சிநேகிதன். கேரி தீவுத் தோட்டத்தில் பிறந்து, கிள்ளானில் லோரி கம்பெனியில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவன். லோரி ஓட்டும் சின்னையாவோடு அந்தப் பின்னறையில் குடியிருந்தான். முப்பது வயசுக்கு மேல் ஆகியும் ஏறெடுத்துப் பார்க்க ஆளில்லை. அவன்தான் தினமும் சாயங்காலம் சைபர் கபேயில் உட்கார்ந்து, சாட் என்ற இணைய அரட்டையில் ‘விசாலம்’ ஆகிவிடுவான். சுபாங் ஜெயாவில் இருக்கும் செட்டியார் வீட்டுப் பெண், வயது இருபத்தைந்து.

“எனக்கு முதல்லேர்ந்தே தெரியும் அங்கிள்,” என்றான் சோமு. “எங்க வீட்டுல என்ன பலகாரம், எப்படிப் பேசுவாங்க, என்ன கோயில்னு எங்கிட்டத்தான் கேட்டுக்குவான். நாகையாவா இருந்தா யாரும் திரும்பிப் பார்க்கலை. விசாலமா இருந்தா, சாப்பிட்டியான்னு கேட்க பத்துப் பேரு. அன்னிக்கு எப்பவும்போலச் சாப்பிடக் கூட்டிட்டுப் போகத்தான் போனேன். கண்ணு திறந்திருந்துச்சு அங்கிள். சொல்றதுக்கு வாயே இல்லை.”

போலீஸ் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் வேலாயுதம் இதைக் கேட்டுச் சிரித்தார். விஷயம் தெரியும் என்று இப்போது சொல்லாமல் வேறு என்ன சொல்வான்? கபேயில் நாகையா உபயோகித்த கணினியை அவர் எடுத்து வந்திருந்தார். அதில் விசாலத்தை உருகி உருகிக் காதலித்த ஒருவன் அகப்பட்டான். அவன் வைத்துக்கொண்ட பெயர் ‘லண்டன் செட்டி’. இன்ஸ்பெக்டர் திரையைத் திருப்பி வாசித்துக் காட்டினார்.

“நீயும் நேமங்கோவில், நானும் நேமங்கோவில். கடவுளே பார்த்துச் சேர்த்து வச்சிருக்காரு. தை மாசம் தாலி கட்டிடுறேன்.”

சோமு செட்டியார், லண்டனில் இருந்தவன், நேமங்கோவில். இதற்குமேல் என்ன வேண்டும் என்றார் இன்ஸ்பெக்டர். காதலியைத் தேடிப் போனான், மீசை வைத்த ஆள் வந்து நின்றான், அடித்துக் கொன்றுவிட்டான். நாகையாவின் மண்டை மூன்று இடத்தில் உடைந்து தாடை நொறுங்கியிருந்தது. காதுக்குக் கீழே சதையைக் கொக்கி போட்டு இழுத்துக் கிழித்த மாதிரி ஒரு காயம். ஆயுதம் மட்டும் கிடைக்கவில்லை. நாகையாவோடு கூடக் குடியிருந்த சின்னையா அன்று லோரியோடு ஜொகூரில் இருந்ததை விசாரித்து உறுதிசெய்துவிட்டார்கள்.

மீனாட்சிசுந்தரம் அந்த வரியை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். வாசித்ததும் எழுந்துகொண்டார். புஷ்பவல்லிக்கோ ஒன்றும் ஓடவில்லை. சின்னையாவைத்தான் அவள் வழி முழுக்கச் சந்தேகப்பட்டு வந்திருந்தாள். அதிலும் மண் விழுந்தது.

நாகையா தினமும் போன கபே அவன் அறைக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தது. அது தண்ணீர்ப் பங்கீடு நடந்த வருஷம், கடைகளின் முன்னால் அஞ்சடி நடைபாதை நெடுக நீலப் பீப்பாய்கள். முதலாளி ராதாகிருஷ்ணன் நெற்றியில் விபூதியும் மெதுவான குரலுமாக இருந்தார். நாகையாவின் பேச்சை எடுத்ததும் கண் கலங்கியது. அவன் இப்படிப் பெண் வேஷம் போட்டது தனக்குத் தெரியவே தெரியாது என்றார். ஆனால் சோமுவைத் தெரியும்.

“கதவோரக் கம்ப்யூட்டர்ல உட்காருவாருலா பாஸ். லண்டன் செட்டின்னு பேரு போட்டு அடிக்கிறதை நானே என் கண்ணால பார்த்திருக்கேன். கோர்ட்டுக்குக் கூப்பிட்டாலும் வந்து சொல்றேன்.”

புஷ்பவல்லிக்கு மனசு உடைந்துபோயிற்று. ஆச்சியின் கைக்குட்டை ஞாபகம் வந்தது. ராதாகிருஷ்ணன் அவளுக்கு ஒரு மைலோ வரவழைத்துக் கொடுத்தார். வெயில் முகத்தில் அடிக்கிறதென்று குடையின் வளைந்த பிடியால் ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டார். குடை இரண்டு தடவை வழுக்கியது. ஷட்டரை இழுக்கும் கம்பி எங்கே என்று மீனாட்சிசுந்தரம் சும்மா கேட்டார். உடைந்துவிட்டதாம்.

காருக்கு வந்ததும் புஷ்பவல்லி பொருமிக் கொட்டினாள். அந்த வரியைக் கேட்டதும் எழுந்துவந்தால் எப்படி, பையன் கழுத்துக்குக் கயிறு வந்துகொண்டிருக்கிறதே என்று பொரிந்தாள். அவர் நிதானமாக ஒன்றே ஒன்று கேட்டார். சாட்டில் ஒருவர் பெயரை இன்னொருவர் எடுத்துக்கொள்ள முடியுமா?

முடியும், அந்த நேரத்தில் அந்தப் பேர் உள்ளே இல்லாவிட்டால் யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்றாள் புஷ்பவல்லி. வேண்டிய ஆள் உள்ளே வந்தால் மணி அடிக்கிற மாதிரிகூட வைத்துக்கொள்ளலாம். இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. அந்த மட்டும் நல்ல மனுஷன். நாற்பது தாண்டிய புஷ்பவல்லி அதே சாட்டில் ‘மயிலிறகு’ என்ற இருபத்திரண்டு வயசுப் பெண் என்பது அவளோடு போகட்டும்.

மறுநாள் நடுப்பகலில் அவர்கள் மறுபடி கபேக்குப் போனார்கள். இன்ஸ்பெக்டரும் கூட வந்தார், வேண்டாவெறுப்பாகத்தான். புஷ்பவல்லி மூலைக் கணினி ஒன்றில் உட்கார்ந்தாள். மீனாட்சிசுந்தரம் கல்லாவுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“நேமங்கோவில்னா என்ன தெரியுமா இன்ஸ்பெக்டர்? எங்க ஆளுங்களுக்கு ஒம்பது கோயில். ஒரே கோயில்காரங்க எல்லாரும் பங்காளிங்க, அண்ணன் தங்கச்சி முறை. கட்டிக்கவே முடியாது. சோமுவுக்குப் பார்த்த பினாங்குப் பொண்ணை அதுக்காகத்தான் விட்டாங்க. நிஜச் செட்டியார் எவனும், நீயும் நேமங்கோவில் நானும் நேமங்கோவில், தாலி கட்டுறேன்னு எழுதமாட்டான். ரெண்டு பக்கமும் வேஷம். விசாலம் நேமங்கோவில்னு சொன்னதும், அவளுக்குப் பிடிக்கட்டும்னு இவனும் அதையே சொல்லியிருக்கான். லண்டன் செட்டி செட்டியாரே இல்லை.”

“சோமு விளையாட்டுக்கு எழுதியிருந்தா?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“விளையாட்டுக்கு எழுதினவனுக்கு ஏமாந்த கோபம் எங்கேர்ந்து வரும்? ஏமாந்தவன்தான் தாடையை நொறுக்குவான்.” மீனாட்சிசுந்தரம் ராதாகிருஷ்ணன் பக்கம் திரும்பினார். “ஆனா சோமு அந்தப் பேருல அடிச்சதை இவர் கண்ணால பார்த்தேங்கறாரு. எழுதாதவன் எழுதினதை எப்படிப் பார்த்தீங்க? இரும்புக் கம்பி எங்கேயாவது உடையுமா? ஷட்டர் கம்பி நுனியில கொக்கி இருக்குமே.”

ராதாகிருஷ்ணன் சிரித்தார். செட்டியார் இல்லாதவர்கள் கிள்ளானில் லட்சம் பேர் இருக்கிறார்கள் என்றார். மீனாட்சிசுந்தரம் புஷ்பவல்லியைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் பெயர்க் கட்டத்தில் ‘விசாலம்’ என்று அடித்துப் பொத்தானைத் தட்டினாள்.

கல்லாவுக்குப் பின்னாலிருந்த கணினி மணி அடித்தது.

ராதாகிருஷ்ணன் தன் திரையைப் பார்த்தார். அந்த ஒரு கணம் அவர் முகத்தில் வந்தது பயமே இல்லை, சந்தோஷம். மறுகணம் அவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கல்லாவைத் தாண்டிப் புஷ்பவல்லியின் மேல் பாய்ந்தார். அவள் கையைத் தூக்கித் தலையைக் காப்பாற்றிக்கொண்டாள். மணிக்கட்டு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. அடுத்த அடி திரையில் விழுந்து கண்ணாடி சிதறியது. மூன்றாவது அடிக்குள் இன்ஸ்பெக்டர் அவரைச் சுவரோடு மோதினார். மூக்கு உடைந்து விபூதியெல்லாம் சிவந்துபோயிற்று. தரையில் அழுத்திப் பிடித்து விலங்கு மாட்டியும் அவர் திமிறிக்கொண்டிருந்தார். பிறகு சட்டென்று அடங்கி அழுதார்.

புதன்கிழமை அவர் கல்லாவிலிருந்து விசாலத்துக்கு எழுதிவிட்டு, அச்சு இயந்திரத்தில் சிக்கிய தாளை எடுக்க எழுந்து போயிருக்கிறார். வழியில் நாகையாவின் திரையில் தன் வார்த்தைகளைப் பார்த்தார். இத்தனை மாதமும் அவள் அவர் கடையில்தான் உட்கார்ந்திருந்தாள். அவன் கிளம்பும்வரை காத்திருந்து, கம்பியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார். கம்பி இப்போது கிள்ளான் ஆற்றில் கிடக்கிறது.

“மிரட்டிட்டு வந்துடலாம்னுதான் போனேன்,” என்றார். “அவன் கையெடுத்துக் கும்பிட்டு, என்னங்க, வேணாங்கன்னான். அவ அப்படித்தான் எழுதுவா. என்னங்க, என்னங்கன்னு. அந்தக் குரல்ல அதைக் கேட்டதும் வாயை உடைச்சேன். அவன்தான் என் விசாலத்தைக் கொன்னான் பாஸ். நான் அவனைத்தான் கொன்னேன்.”

புஷ்பவல்லி முறிந்த கையை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தாள். வலியில் கண் இருட்டியது. சிதறிப்போனது திரை மட்டும்தான், அவள் கணினியின் பெட்டி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கல்லாக் கணினியில் ‘விசாலம்’ என்ற பெயர் அப்படியே எரிந்துகொண்டிருந்தது. வாசலுக்கு இழுத்துப் போகும்போது ராதாகிருஷ்ணன் திரும்பினார்.

“அக்கா, மூடிடாதீங்கக்கா. கொஞ்ச நேரம் உள்ளே இருக்கட்டும்.”

ஒரு நிமிஷம் அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. அவளும் ஒரு மயிலிறகுதானே. பிறகு அந்தக் கைக்குட்டை ஞாபகம் வந்தது. வாயே இல்லாமல் கண்ணைத் திறந்து கிடந்த நாகையாவை நினைத்தாள். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குனிந்து, நல்ல கையால் அந்தப் பெட்டியின் வயரைப் பிடுங்கினாள். கொஞ்ச நேரத்தில் கல்லாக் கணினியிலிருந்து அந்தப் பெயர் போயிற்று.