எதற்கும் ஐந்து சொன்ன மீட்டர்

"நான் எதையும் ஊத்தல!"

சுண்டு மூன்றாவது முறையாகக் கத்தினாள். யாரும் காதில் வாங்கவில்லை.

மீன் தொட்டிக்காக அக்கா அன்றுதான் ஒரு பிஹெச் மீட்டர் வாங்கி வந்திருந்தாள். பேனா போல இருக்கும். நுனியைத் தண்ணீரில் வைத்தால் ஓர் எண் வரும். ஏழு என்றால் நல்ல தண்ணீர். அதற்குக் கீழே இறங்க இறங்கப் புளிப்பு.

மீட்டர் ஐந்து காட்டியது.

"மத்தியானம் இங்க உக்காந்துதானே எலுமிச்சம்பழம் பிழிஞ்ச? தொட்டியில ஊத்திட்ட. ஒத்துக்கோ!" என்றாள் அக்கா.

"டம்ளர்லதான் பிழிஞ்சேன். முழுசா குடிச்சேன். வேணும்னா வாயை மோந்து பாரு!"

அப்பா சிரிப்பை அடக்கிக்கொண்டார். "சண்டை போதும். புளிப்பைக் குறைக்கிற பொடி இருக்கு. போட்டா சரியாயிடும்." டப்பாவைத் திறந்தார்.

சுண்டுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செய்யாத தப்புக்குத் திட்டு வாங்கியது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், நல்ல தண்ணீரில் பொடியைக் கொட்டினால் மீன்கள் என்ன ஆகும்?

தொட்டியை மறைத்துக் கைகளை விரித்து நின்றாள்.

"மீனுங்களைப் பாருங்கப்பா! எட்டும் எப்படித் துள்ளுது! என்னை மட்டும் விசாரிக்கிறீங்களே, அந்த மீட்டரை யாராவது விசாரிச்சீங்களா?"

அப்பாவின் கை நின்றது.

சுண்டு மீட்டர் வந்த பெட்டியைக் கவிழ்த்தாள். இரண்டு பொட்டலங்களும் மடித்த தாளும் விழுந்தன. அக்கா எதையும் பிரிக்கவே இல்லை! ஒரு பொட்டலத்தில் '7', மற்றதில் '4' என்று இருந்தது. அவற்றைக் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து, மீட்டர் அதே எண்களைக் காட்டுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டுமாம்.

இஸ்திரிப் பெட்டிக்காக வாங்கிய அந்த நீர் வீட்டில் இருந்தது. அப்பா அளந்து ஊற்ற, சுண்டு இரண்டு பாட்டில்களில் பொடிகளைக் கரைத்தாள்.

ஏழு காட்ட வேண்டிய பாட்டிலில் மீட்டரை வைத்தாள். ஐந்து. கழுவிவிட்டு, நான்கு காட்ட வேண்டியதில் வைத்தாள். அதிலும் ஐந்து!

அப்பா மீட்டரின் திருகாணியைத் திருகிப் பார்த்தார். எண் மாறியது. ஆனால் இரண்டு பாட்டிலுக்கும் ஒரே எண்தான்.

"சரி, விடு" என்று முணுமுணுத்தாள் அக்கா.

"விடறதா? எல்லார் முன்னாடியும் திட்டினியே!"

"சாரி."

"திட்டும்போது சத்தமா இருந்துச்சே!"

"சாரிடீ!" என்று கத்தினாள் அக்கா. பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

மீட்டரோடும் பாட்டில்களோடும் அக்காவும் சுண்டுவும் அதை வாங்கிய கடைக்குப் போனார்கள்.

"மெஷின் பொய் சொல்லாதும்மா" என்றார் கடைக்காரர். சுண்டுவை ஏற இறங்கப் பார்த்தார். "வீட்ல வாலுப் பிள்ளைங்க எதையாவது ஊத்தியிருக்கும்."

சுண்டு வாயைத் திறப்பதற்குள் அக்கா சீறினாள். "என் தங்கச்சியைப் பத்தி ஒரு வார்த்தை பேசாதீங்க! கண்டுபிடிச்சதே அவதான்."

சுண்டு பாட்டில்களை மேசைமேல் வைத்தாள். "வேற மீட்டர் குடுங்க. இதுல வச்சுப் பார்த்துட்டுதான் எடுத்துட்டுப் போவோம்."

கடைக்காரர் வேண்டாவெறுப்பாக மூன்று மீட்டர்களைப் பிரித்தார். முதலாவது, ஏழு காட்ட வேண்டிய பாட்டிலில் ஒன்பது காட்டியது. இரண்டாவதில் எண் நிற்காமல் ஓடியது. மூன்றாவது ஏழுக்கு ஏழு, நான்குக்கு நான்கு என்று கச்சிதமாகச் சொன்னது.

சுண்டு அதைப் பையில் போட்டுக்கொண்டாள்.

கடைக்காரர் மற்ற இரண்டையும் சிறிது நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அவற்றை அவர் திரும்ப அலமாரியில் வைக்கவில்லை.