இருநூறாவது மீற்றர்

முதல் இருநூறு மீற்றர் வரை சஞ்சீவனிக்கு ஒன்றும் இல்லை. போகம்பறை மைதானத்தின் இரண்டாவது வளைவுக்குள் நுழைந்ததும், யாரோ நெஞ்சின் மேல் கதிரை போட்டு உட்கார்ந்தது போல் மூச்சு நின்றுவிடும். தினமும் விடிகாலைப் பயிற்சியில் அதே இடம். இதயத்தில் கோளாறில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிறகு ஏன்?

ஓட்டத்தை விட்டு இருபத்து மூன்று வருடம் கழித்து, நாற்பத்தாறு வயதில், மூத்தோர் போட்டியில் எண்ணூறு மீற்றருக்குப் பெயர் கொடுத்திருந்தாள். போட்டி சனிக்கிழமை. இன்று வியாழன். சப்பாத்து நாடாவைக் கட்டினாள்.

“இன்னைக்கும் போகணுமா?” கணவர் ஸ்ரீதரன் தேத்தண்ணியைத் தொடவில்லை.

“பயமாத்தான் இருக்கு. ஆனா போறேன்.”

“பேத்தி எடுக்கிற வயசுல காற்சட்டை போட்டுக்கிட்டு... அங்க விழுந்து கெடந்தா?”

அவள் காதில் காற்சட்டை மட்டுமே விழுந்தது. “மானம் போகுதுன்னு நேரா சொல்லுங்க. உங்கம்மா படுக்கையில கெடந்த பதினாறு வருஷமும் நான் ஓடலையே... அதுக்கு ஒரு வார்த்தை சொன்னீங்களா?”

கதவைத் திறந்துகொண்டு வெளியே இறங்கினாள்.

மைதானத்தில் அதே வளைவு. அதே கதிரை. புல்லில் சரிந்தாள். முடிந்தது, இதோடு முடிந்தது என்று உள்ளுக்குள் ஏதோ அலறியது.

செருப்புச் சத்தம் ஓடி வந்தது. ஸ்ரீதரன்தான்.

“சஞ்சி... ஒரு மாசமா வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு பாக்குறேன். வாயை இறுக்கி மூடிக்கிட்டு ஓடுற. மூச்சுச் சத்தமே கேக்கல.”

அவள் திகைத்தாள். மாமியார் கமலத்துக்குச் சின்னச் சத்தமும் ஆகாது. விழித்தால் வலியில் நாள் முழுக்க அழுவார். அதனால் விடிகாலையில் அந்தக் கட்டிலைத் தாண்டிச் சமையலறைக்குப் போகும்போதெல்லாம் மூச்சை அடக்கிக்கொள்வாள். பதினாறு வருடம். விடிகாலையும் பயமும் சேர்ந்தால் மூச்சை அடக்க வேண்டும் என்று உடம்பு படித்துக்கொண்டது. அடக்கிய மூச்சு இருநூறு மீற்றருக்கு மேல் தாங்கவில்லை.

“அந்த அறையில நடந்த மாதிரியே இங்க ஓடுற...” அவர் குரல் உடைந்தது. “எங்கம்மா தூங்கணும்னு நீ அடக்கின மூச்சு. எனக்குத் தெரியாமப் போச்சே. மன்னிச்சிரும்மா.”

“செத்துருவேன்னு நெனச்சேங்க...” அவர் தோளில் முகம் புதைத்து அழுதாள்.

“நானுந்தான். மானமாவது மண்ணாவது... எனக்கும் அந்தப் பயந்தான்.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “எந்திரி. என்னைத் திட்டிக்கிட்டே ஓடு. பதினாறு வருஷத்துக்கு இருக்குமில்ல?”

“பத்து சுத்துக்கு இருக்கு.”

அவர் உள்பக்கப் புல்லில் செருப்போடு ஓடினார். அவள் அவருடைய தங்கை கல்யாணத்திலிருந்து திட்ட ஆரம்பித்தாள். கல்யாணச் சாப்பாட்டுக்கு வருவதற்குள் வளைவு பின்னால் போயிருந்தது.

பேசினால் உள்ளிருக்கும் காற்று வெளியே போகும். அது போனால்தான் புதுக் காற்றுக்கு இடம். சனிக்கிழமை போட்டியில் அவர் பக்கத்தில் ஓட முடியாது. ஆகவே நாலு அடிக்கு ஒருமுறை வாயைத் திறந்து, பிறருக்குக் கேட்கும்படி, மூச்சை வெளியே விட வேண்டும்.