தொட்டியில் உள்ளவர்

அப்பாரு இன்று காலையும் ஏப்பம் விட்டார். பூஜை அறை முழுக்க ஊசிப்போன கறி வாடை. குணவதி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். சுற்றி நின்ற சொந்தங்களோ அதையே ஆசீர்வாதமாக எடுத்துக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தூ, என்ன ஜென்மங்களோ!

அப்பாரு என்பது உயிர்த்தொட்டியில் மிதக்கும் ஒரு சதைக் கட்டி. தலை கிடையாது, கால் கிடையாது. பூசணிக்காய் அளவில் கிடந்து துடிக்கும், அவ்வளவுதான். நூற்பாலைகளைக் கட்டி எழுப்பிய தாத்தா ராக்கியண்ணன், சாகுமுன் தன் உடம்பில் ஒரு துண்டை வெட்டித் தொட்டியில் போடச் சொன்னார். சதை உயிரோடிருந்தால் ஆளும் உயிரோடிருப்பதாகச் சட்டம் ஒப்புக்கொண்டிருந்த காலம் அது. ‘தொட்டியில் உள்ளவர் உயிரோடிருக்கும் வரை குடும்ப டிரஸ்டைப் பிரிக்கக் கூடாது’ என்று பத்திரமும் எழுதிவைத்தார். பிறகென்ன, வசதியான வீடு ஒவ்வொன்றிலும் இப்படி ஒரு தொட்டி நாற ஆரம்பித்தது.

நாற்றத்தையாவது சகித்துக்கொள்ளலாம். அதற்குத் தீனி வேண்டுமே! பதினாறு வயது நிரம்பிய வாரிசுகள் எல்லோரும் வருஷா வருஷம் ஆடியில் வரும் அப்பாருவின் பிறந்தநாளன்று தொடைத் தோலை உரித்துக் கொடுக்க வேண்டும். மறுத்தால் குடியிருக்கும் வீடு உட்பட எதுவும் கிடையாது. குணவதியின் தொடையில் தழும்பில்லாத இடமில்லை. ஆடி பிறந்தால் அவள் மகள் இளம்பிறைக்கும் பதினாறு.

“ஏனுங் பெரியப்பா, புள்ளைய மட்டும் விட்டுருங்க” என்று டிரஸ்டை நிர்வகிக்கும் சென்னியப்பனிடம் கெஞ்சினாள்.

“அப்பாருக்குக் குடுக்கறதுக்கு யாராச்சும் அழுவாங்களா கண்ணு?” என்றார் அவர், பல்லைக் குத்திக்கொண்டே.

அன்றே அவள் கட்டியிலிருந்து ஒரு துளி சுரண்டி மரபணுச் சோதனைக் கூடத்துக்குக் கொண்டுபோனாள். முடிவைப் பார்த்ததும் சிரிப்பை அடக்க முடியவில்லை. கட்டியில் ராக்கியண்ணன் துளிகூட இல்லை! மற்றவர்கள் கொடுத்த தோலெல்லாம் அழுகி உதிர்ந்துவிட்டது. குணவதியின் சதை மட்டும் வேர்பிடித்துக் கிழவரை முழுசாகத் தின்று தீர்த்திருந்தது. அவர் எப்போதோ செத்துவிட்டார், டிரஸ்டைக் கலையுங்கள் என்று வழக்குப் போட்டாள்.

நீதிபதி பத்திரத்தை நிதானமாகப் படித்தார்.

“இதுல ராக்கியண்ணன்னு பேரே இல்லையேம்மா. ‘தொட்டியில் உள்ளவர்’னுதான் இருக்கு. இப்ப அதுல உள்ளது நீங்க. நல்லாத்தானே இருக்கீங்க?”

வழக்குத் தள்ளுபடியானது.

வீடு திரும்பியபோது தொட்டிக்கு மேல் கிழவர் படம் இருந்த இடத்தில் அவள் படம் தொங்கியது. சொந்தங்கள் வரிசையாக வந்து அவள் காலில் விழுந்தார்கள்.

“சீ, எந்திரிங்க! அந்தக் கருமத்தை நிறுத்தித் தொலைங்க!”

“நிறுத்துனா கொலைக் கேசு கண்ணு” என்றார் சென்னியப்பன். “செத்தது நீன்னு ஆயிரும்.”

ஆடியில் கத்தி வந்தது. இளம்பிறை தானாகவே வந்து பாவாடையை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

“வேண்டாஞ்சாமி, ஓடிப் போயிரு!” என்று குணவதி அலறினாள்.

“அந்தக் கெழவனுக்குன்னா செத்தாலும் குடுத்திருக்க மாட்டேம்மா” என்றாள் மகள். “உனக்குத்தானே.”

தோல் தொட்டிக்குள் விழுந்தது. கட்டி அதை மெல்லச் சுற்றி இழுத்துக்கொண்டு ஏப்பம் விட்டது. குணவதி வாசலுக்கு ஓடி வாந்தியெடுத்தாள். உள்ளே எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், இளம்பிறையும்.